காப்பு கட்டின கையோட கோழி செட்டுக்குள்ள போகலாமா?

வேலும் மயிலும் சேவலும் துணை.

போன கந்த சஷ்டியப்போ நம்ம குரூப்ல நான் ஒரு கேள்வி போட்டிருந்தேன், சிலருக்கு ஞாபகம் இருக்கும். "திருப்பரங்குன்றத்துல காப்பு கட்டியிருக்கேன். கோழிப்பண்ணைக்குள்ள போக வேண்டிய நிலைமை. போகலாமா?"

பத்து நிமிஷத்துல பதில் குவிஞ்சுது. "போகாதீங்க ப்ரோ, தீட்டு"ன்னு சிலர். "கொல்ற இடம் இல்லையே, வளர்க்கிற இடம்தானே, தாராளமா போலாம்"னு சிலர். "போயிட்டு வந்து தலைக்குக் குளிச்சிடுங்க, முருகன் பார்த்துப்பான்"னு நடுவுல ஒரு கூட்டம். ஒருத்தர் வேல் படம் மட்டும் போட்டுட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு பலர் தனியா கேட்டீங்க. நான் பதில் சொல்லலை. சொல்லத் தெரியலைங்கிறதுதான் உண்மை. இப்போ சொல்றேன். கொஞ்சம் நீளம்தான், கவசம் ஒரு தடவை படிக்கிற நேரத்துல படிச்சிடலாம்.

என் தாய்மாமா வீடு வாடிப்பட்டி பக்கம். வைகைப் பாசனம், தென்னந்தோப்பு, வடக்கே பார்த்தா சிறுமலை. வயலுக்கு நடுவுல கிழக்கு மேற்கா நீட்டி ஒரு கோழி செட். வெயில் உள்ள விழக்கூடாதுன்னு அந்தப் பக்கம் எல்லா செட்டும் அப்படித்தான் கட்டுவாங்க. ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி கணக்கு. மாமா செட்டுல 4,500 பிராய்லர். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியோடது. செட்டும் கரண்டும் தண்ணியும் உழைப்பும் மாமாவோடது. வளர்த்துக் கொடுத்தா கிலோவுக்கு இத்தனைன்னு கூலி. பதினொரு வருஷமா இதுதான் ஓடுது. என் காலேஜ் ஃபீஸ்ல மூணு செமஸ்டர் இந்தச் செட்டுலருந்து வந்தது. அதையும் முதல்லயே சொல்லிடணும்.

சஷ்டி மூணாவது நாள் மாமா போன் பண்ணார். "அத்தைக்கு மூச்சு வாங்குது மாப்ள. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன். நான் இங்க இருக்கணும். ரெண்டு நாள் செட்டைப் பார்த்துக்க ஆளில்லை."

அப்போதான் குரூப்ல அந்தக் கேள்வியைப் போட்டேன். நீங்க பதில் போட்டுக்கிட்டு இருக்கும்போதே ஆரப்பாளையத்துல பஸ் ஏறிட்டேன். அப்புறம் எதுக்குக் கேட்டேன்னா, யாராவது "போலாம்"னு சொன்னா மனசு லேசாகும்னுதான்.

ஐப்பசி அடைமழை. செட்டைச் சுத்தி படுதா இறக்கிக் கட்டியிருந்துச்சு. மழைச் சாரல் உள்ள வரக்கூடாது, குளிர்காத்து அடிக்கக்கூடாது. குளிர்ந்தா கோழி தின்ற தீவனத்தை உடம்பு சூட்டுக்கே செலவழிச்சிடும், எடை ஏறாது. எடை ஏறலைன்னா மாமாவுக்குக் கூலி குறையும். அதனால படுதாவைக் கட்டுறது சோம்பேறித்தனமோ கொடுமையோ கிடையாது. அது அந்தத் தொழிலோட கணக்கு.

படுதாவை விலக்கி உள்ள போனேன். கண்ணுல வெங்காயம் உரிச்ச மாதிரி ஒரு எரிச்சல். மூக்குக்குள்ள ஊசி. தொண்டை அப்படியே மூடிக்குச்சு. வெளிய ஓடி வந்து வரப்புல நின்னு இருமினேன். விரத வயிறு வேற, காலையில குடிச்ச பால் மேல வந்துடுச்சு.

அந்த நாத்தம் எதுனாலன்னு அப்போ எனக்குத் தெரியாது. பிறகு தேடிப் படிச்சேன். கோழிக்குத் தனியா மூத்திரம் கிடையாது. எச்சத்து மேல வெள்ளையா ஒரு தொப்பி மாதிரி இருக்கும் பாருங்க, அதுதான் யூரிக் அமிலம். ஆழ்கூள முறைன்னு சொல்றாங்களே, தரையில நெல் உமியோ தேங்காய் நார்த்தூளோ பரப்பி அதுமேல கோழியை விடுறது, அந்தக் கூளத்துல எச்சம் விழுந்து கலந்துகிட்டே இருக்கும். கூளம் காய்ஞ்சிருக்கிற வரைக்கும் பெரிசா தொந்தரவு இல்லை. ஈரம் பட்டுச்சுன்னா அதுல இருக்கிற நுண்ணுயிர் அந்த யூரிக் அமிலத்தை உடைச்சு அம்மோனியா ஆக்கிடும். ஈரம், சூடு, அடைச்ச காத்து, மூணும் சேர்ந்தா வேகம் கூடும். தண்ணி குடிக்கிற நிப்பிள் ஒண்ணு ரெண்டு ஒழுகினாலே போதும், அதுக்குக் கீழ கூளம் களி மாதிரி ஆயிடும். ஈரத்தை இழுக்கட்டும்னு நல்ல எண்ணத்துல சுண்ணாம்பு தூவுவாங்க. ஆனா கோழி உள்ள இருக்கும்போது தூவினா காரத்தன்மை ஏறி அம்மோனியா இன்னும் அதிகமாக் கிளம்பும். அமெரிக்காவுல இதுக்கு அலுமினியம் சல்பேட் போடுறாங்க, நம்ம ஊர்ல கடை வாசல்ல திருஷ்டிக்குக் கட்டுற படிகாரத்துக்குப் பங்காளி. அது அமிலத்தன்மை உள்ளது, அம்மோனியாவைக் கூளத்துக்குள்ளயே பிடிச்சு வைக்கும்.

வேதியியல் போதும். கைக்குட்டையை நனைச்சு மூக்குல கட்டிக்கிட்டு மறுபடி உள்ள போனேன். செத்ததைப் பொறுக்கணும், தீவனம் போடணும், நிப்பிள் பார்க்கணும். ஒரு இருபது நிமிஷம் ஆகியிருக்கும், கைக்குட்டை கழண்டு கழுத்துல கிடந்துச்சு. நான் கவனிக்கவே இல்லை. ஏன்னா நாத்தம் இல்லை. நிஜமாவே இல்லை. காத்து மாறலை, படுதா அப்படியேதான் இருந்துச்சு. என் மூக்கு பழகிடுச்சு.

அம்மோனியாவோட குணம் அதுதானாம். தொடர்ந்து சுவாசிச்சா மூக்கு அதைச் சொல்றதை நிறுத்திடும். அஞ்சு பிபிஎம் தாண்டினாலே, அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல அஞ்சு பங்கு இருந்தாலே, புதுசா வர்றவனுக்கு வாசனை தெரிய ஆரம்பிச்சிடும். ஒரு ஷிஃப்ட் வேலை செய்ற மனுஷனுக்கு 25 பிபிஎம்தான் எல்லைன்னு அமெரிக்காவுல தொழில் சுகாதார நிறுவனம் பரிந்துரை வெச்சிருக்கு. அங்கேயே கோழி வளர்ப்புத் துறையும் கோழிக்கு அதே 25ஐத்தான் எல்லையா சொல்லுது. ஆனா தினமும் உள்ள போறவன் மூக்கை வெச்சு எதையும் அளக்க முடியாது. "எனக்கு ஒண்ணும் தெரியலையே மாப்ள"ன்னு மாமா சொல்றது பொய்யே இல்லை.

இங்கதான் எனக்கு முதல் கேள்வி வந்துச்சு. தெரியாம ஒருத்தன் செய்றது தப்பா? தெரிய வேண்டிய உறுப்பே மரத்துப்போச்சுன்னா அவன்மேல என்ன குற்றம் சொல்ல முடியும்? வாசல்ல ஒரு நிமிஷம் நின்னு மூக்கைப் பொத்திக்கிட்டு "என்ன மாமா இப்படி வெச்சிருக்கீங்க"ன்னு கேட்க எனக்கு என்ன தகுதி? அந்த ஒரு நிமிஷம் என் மூக்கு நல்லவனா இருந்துச்சு, இருபது நிமிஷத்துல அதுவும் மாமா மூக்கு ஆயிடுச்சு. இவ்வளவுதான் எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம்.

சாயங்காலம் என் கையில இருந்த காப்புக் கயிறு ஒரு தீவனத் தட்டுல மாட்டி, கயித்துல கோத்திருந்த சின்ன வேல் டாலர் கூளத்துல விழுந்துச்சு. தேடுறதுக்காக முட்டி போட்டுக் குனிஞ்சேன். பழகிப்போன அதே மூக்கு, அதே கண்ணு. தரையிலருந்து ஒரு சாண் உயரத்துல தீ மாதிரி பிடிச்சுது. கண்ணைத் திறக்க முடியலை. அம்மோனியா காத்தை விட லேசு, மேல போகும்தான். ஆனா கிளம்புற இடம் கூளம்தானே, அங்கதான் அடர்த்தி. நான் நிக்கிற உயரத்துக்கு வர்றதுக்குள்ள கலைஞ்சிடுது. கோழிங்க இருக்கிறது அந்த ஒரு சாண்ல.

முட்டி போட்டபடியே பார்த்தேன். என் முகத்துக்கு நேரா ஒரு கோழி. அரைக்கண்ணை மூடிக்கிட்டு, இறக்கையோட மேல்பக்கத்துல கண்ணைத் தேய்ச்சுக்கிட்டு இருந்துச்சு. நின்னுகிட்டுப் பார்த்தப்போ தூங்குதுன்னு நெனச்ச கோழிங்கதான் அதெல்லாம்.

பிறகு ஒரு விஷயம் படிச்சேன். 2007ல ஐரோப்பிய ஒன்றியம் கறிக்கோழிக்குன்னு ஒரு உத்தரவு போட்டுச்சு. ரொம்ப நெருக்கமா வளர்க்கிற பண்ணைகள்ல அம்மோனியா 20 பிபிஎம் தாண்டக்கூடாது, கரியமில வாயு 3,000 தாண்டக்கூடாதுன்னு. எங்க அளக்கணும்னும் அதுலயே எழுதியிருக்கு: கோழியோட தலை உயரத்துல. எந்த அதிகாரி எழுதினாரோ, அவர் எப்பவோ ஒரு தடவை என்னை மாதிரி முட்டி போட்டிருக்கணும்.

பறவையோட மூச்சு நம்ம மூச்சு மாதிரி இல்லை. நுரையீரல் மட்டும் இல்லாம உடம்பு முழுக்கக் காத்துப் பைகள், கோழிக்கு ஒன்பதுன்னு கணக்கு. சில எலும்புக்குள்ளகூட காத்து போகும். நுரையீரல் வழியா காத்து ஒரே திசையில ஓடும், அதனால ஒவ்வொரு மூச்சுலயும் நம்மளை விட அதிகமா எடுத்துக்கும். நல்ல காத்துன்னா அது வரம், கெட்ட காத்துன்னா அதுவே சாபம். பிரிட்டன்ல நிலக்கரிச் சுரங்கத்துல 1986 வரைக்கும் கேனரிப் பறவையைக் கூண்டுல கொண்டு போனதுக்குக் காரணம் அதுதான். விஷவாயு வந்தா மனுஷனுக்கு முன்னாடி குருவி விழும். அது போக, கோழிக்கு வியர்வை கிடையாது. அக்னி நட்சத்திரத்துல நம்ம மதுரை வெயில்ல அது வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளிர்விக்கணும். மூச்சுக்குழாய் உள்ள மெல்லிய மயிரிழை மாதிரி ஒரு அடுக்கு தூசியைப் பெருக்கி வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். அம்மோனியா அந்தப் பெருக்குற வேலையை நிறுத்திடும். அப்புறம் தூசியும் கிருமியும் நேரா காத்துப்பைக்கு.

அதே அடுக்கு நமக்கும் இருக்கு. அத்தைக்கும் இருக்கு.

டாலர் கிடைச்சுது. அன்னிக்கு ராத்திரி திண்ணையில படுத்துக்கிட்டு யோசிச்சேன். குரூப்ல நாம பேசினது பூரா ரெண்டே விஷயம், தீட்டு, கொலை. செட்டு தீட்டான இடமா? அங்க கொலை நடக்குதா? ரெண்டுக்கும் விடை இல்லைன்னா போகலாம். கறி சாப்பிடுறது தப்பா சரியான்னு நாம எவ்வளவோ சண்டை போட்டிருக்கோம். முருகனுக்குப் பலி உண்டா இல்லையான்னு சங்க நூல் வரைக்கும் போய் சண்டை போட்டிருக்கோம். எல்லாம் அந்தக் கோழியோட கடைசி அஞ்சு நிமிஷத்தைப் பத்தி. அதுக்கு முன்னாடி நாற்பது நாள் அது உயிரோட இருந்துச்சு, அந்த நாற்பது நாளும் மூச்சு விட்டுச்சுங்கிறது நம்ம கேள்விக்குள்ளயே வரலை.

நான் சைவம் இல்லை. செவ்வாய், கிருத்திகை, சஷ்டி தவிர மத்த நாள்ல சாப்பிடுறவன். சத்துணவுல நாமக்கல் முட்டை தின்னு வளர்ந்தவன். அந்த முட்டை இல்லைன்னா எங்க தெருவுல பாதிப் பிள்ளைங்களுக்குச் சத்து எங்கருந்து வந்திருக்கும்னு எனக்குத் தெரியாது. அதனால "எல்லாரும் கறியை விடுங்க"ன்னு இந்தப் பதிவு சொல்லப்போறதில்லை. சொல்ற யோக்கியதையும் எனக்கில்லை. ஆனா ஒண்ணு சொல்லணும், இதைச் சொல்லத்தான் இத்தனையும்.

அந்த பேட்ச் தீபாவளிக்குள்ள பிடிச்சிருக்க வேண்டியது. குஞ்சு வந்த தேதி கொஞ்சம் தள்ளிப்போச்சு, தீபாவளி யாவாரம் கைவிட்டுப்போச்சு. தீபாவளி முடிஞ்சா சஷ்டி. அது முடிஞ்சா கார்த்திகை, மாலை போடுற சீசன். கறி ஓட்டம் குறையும், விலை இறங்கும். விலை இறங்கினா கம்பெனி வண்டி அனுப்பாது. "இன்னும் ரெண்டு நாள், இன்னும் மூணு நாள்"னு ஒன்பது நாள் தள்ளிப்போட்டாங்க. ரெண்டு கிலோவுல போக வேண்டிய கோழி ரெண்டரை கிலோ ஆகி நிக்குது. செட்டு அதே செட்டு. எச்சம் ஒன்பது நாளைக்குக் கூடுதல். மழை. படுதா. அத்தை அந்த ஒன்பது நாள்ல ஆறாவது நாள் விழுந்தாங்க.

நான் பரங்குன்றத்துல கறி தொடாம, பால் பழத்தோட, மனசு சுத்தமா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த நாளும், அந்தக் கோழிங்க கூடுதலா அந்தக் காத்தைக் குடிச்ச நாளும் ஒரே நாள். என் விரதம் அதுங்களைக் காப்பாத்தலை. ஒரு பங்குக்கு அதுங்க கூடுதலா அங்க நிக்கிறதுக்கு நானும் காரணம். லட்சம் பேர்ல ஒருத்தன், சின்னப் பங்குதான். 4,500 கோழி ஒவ்வொண்ணா விட்டதுதான் அந்த எச்சமும்.

இதைச் சொன்னதும் நம்ம குரூப் நண்பர் ஒருத்தர் கோவிச்சுக்கிட்டார். "அப்போ விரதமே தப்புங்கிறியா?" இல்லை ப்ரோ. விரதம் எதுக்குன்னு கேட்கிறேன். வாயைக் கட்டுறதோட முடிஞ்சா அது என் உடம்புக்கு நான் பண்ற உபகாரம். ஆறு நாள் நம்ம கண்ணும் மூக்கும் வழக்கமான பழக்கத்துலருந்து விடுபட்டு இருக்கு, பசியில எல்லாம் கூர்மையா இருக்கு. அந்த ஆறு நாள்லயாவது பழகிப்போன நாத்தம் தெரியணும் இல்லையா?

இன்னொருத்தர் கேட்டது வேற. "கொடியில இருக்கிற சேவல் சூரபத்மனோட அம்சம். பிராய்லர் ஃபேக்டரி அயிட்டம். ரெண்டையும் ஏன் முடிச்சுப் போடுறே?" நியாயமான கேள்வி, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சேன்.

கதை நமக்கெல்லாம் தெரியும். மாமரமா நின்ன சூரனை வேல் ரெண்டாப் பிளந்துச்சு. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். முருகன் எதிரியைக் கொன்னு போடலை, ஒண்ணை வாகனம் ஆக்கினான், ஒண்ணைக் கொடி ஆக்கினான். மயிலை விந்துன்னும் சேவலை நாதம்னும் பெரியவங்க விளக்கம் சொல்வாங்க. நாதம்னா ஒலி. ஒலிக்கு மூச்சு வேணும். இத்தனை யுகம் சண்டை போட்ட சூரனுக்கே கூவுறதுக்கு மூச்சு விட்டு வெச்ச சாமி நம்ம சாமி.

இப்போ மாமா செட்டு. கம்பெனிக் குஞ்சு ஆணும் பொண்ணும் கலந்துதான் வரும். 4,500ல ஏறக்குறைய பாதி சேவல். பதினொரு வருஷத்துல அந்தச் செட்டுலருந்து ஒரு கூவல் கேட்டதில்லை. கூவுற வயசு வர்றதுக்குள்ள வண்டி வந்துடும். அன்னிக்கு ராத்திரி திண்ணையில படுத்திருந்தவனுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் சேவல் பக்கத்துல இருந்தும் விடிஞ்சது தெரியலை. மாமா வீட்டு வைக்கோல் படப்பு மேல ஏறி நிக்கிற நாட்டுச் சேவல் ஒண்ணுதான் கூவுச்சு. ரெண்டும் வேற வேற இனமா? பேருதான் வேற.

2017ல நம்ம பசங்க அலங்காநல்லூர்லயும் தமுக்கத்துலயும் ராத்திரி பகலா உட்கார்ந்தது எதுக்கு? நம்ம காளை நம்ம உரிமைன்னு. நானும் பிளஸ் டூ யூனிஃபார்மோட போய் உட்கார்ந்தேன். அலங்காநல்லூர்லருந்து மாமா செட்டு பைக்ல கொஞ்ச நேரம்தான். காளைக்குப் பேர் இருக்கு, அது வாடிவாசல்ல வரும்போது மைக்ல சொல்வாங்க. 4,500க்கு எப்படிப் பேர் வைப்பே? அதே 2017லதான் இந்தியச் சட்ட ஆணையம் கோழி வளர்ப்பைப் பத்தி ஒரு தனி அறிக்கையே கொடுத்துச்சு, 269ஆவது அறிக்கை. எப்படி அடைக்கணும், எப்படி ஏத்தணும் இறக்கணும்னு விதி வேணும்னு. அதைப் பத்தி நம்ம பக்கம் யாரும் ஒரு ஸ்டேட்டஸ்கூட வைக்கலை, என்னையும் சேர்த்துத்தான்.

2020ல பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டதுக்கு அப்புறம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பண்ணைகளுக்கான வழிகாட்டுதலைத் திருத்துச்சு. அதுப்படி 5,000 கோழிக்கு மேல வளர்க்கிறவங்க அனுமதி வாங்கணும். மாமாவோடது 4,500. கணக்குலயே வராது. சட்டத்தோட மூக்கு அந்த உயரத்துக்குக் குனியாது போல.

சரி, யார் பொறுப்பு? மாமாவோட ஒப்பந்தக் காகிதத்தை எடுத்துப் படிச்சேன். குஞ்சு இருக்கு, தீவனம் இருக்கு, மருந்து இருக்கு, எத்தனை செத்தா எவ்வளவு பிடித்தம்னு இருக்கு. காத்து இல்லை. ஃபேன் போட்டா கரண்டு பில்லு மாமாவோடது. கூளம் மாத்தினா லோடு காசு மாமாவோடது. காத்து கெட்டா எடை குறையும், கம்பெனிக்கும் நஷ்டம்தானே, அவங்களே பார்த்துக்குவாங்கன்னு சிலர் சொல்றாங்க. பாதி உண்மை. ஆனா கோழியோட நுரையீரல் அவங்களுக்கு நாற்பது நாள் தாங்கினா போதும். அதுக்கு மேல அது கெட்டா என்ன, கெடலைன்னா என்ன. வருஷத்துக்கு அஞ்சாறு பேட்ச், பதினொரு வருஷம், ஏறக்குறைய அறுபது பேட்ச். ஒவ்வொரு தடவையும் புதுக் கோழி, புது நுரையீரல். அத்தை மட்டும் அதே அத்தை.

அத்தை காலையில செட்டுக்குள்ள போகும்போது இடுப்புல சொருகின போன்ல சூலமங்கலம் சகோதரிகள் பாடின கவசம் ஓடும். கோழிக்கும் கேட்கட்டும்பாங்க. கவசத்துல தேவராய சுவாமிகள் ஒவ்வொரு உறுப்பா வேலைக் காவல் வைக்கிறார், நாசியும் அதுல உண்டு. அத்தை அதைக் கேட்டுக்கிட்டேதான் பதினொரு வருஷம் அந்தக் காத்துல கூளம் கிளறினாங்க. அப்போ கவசம் பலிக்கலையான்னு கேட்டா நான் என்ன சொல்ல? எனக்கு நம்பிக்கை குறையலை. ஆனா படுதாவை நான் கட்டிவெச்சிட்டு மூக்கை மட்டும் வேல் காக்கணும்னு கேட்கிறது, எனக்கே கொஞ்சம் கூச்சமா இருக்கு.

ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னது ரொம்பச் சாதாரணம். "தூசி, வாயு. இன்ஹேலர் எழுதியிருக்கேன். அந்த இடத்துக்குப் போறதைக் குறைச்சுக்கங்க." அத்தை என்கிட்ட கேட்டாங்க, "குறைச்சுக்கன்னா யாரு போறது தம்பி? உங்க மாமாவா? அவருக்கு மூக்கே கிடையாது."

சஷ்டி அன்னிக்கு சூரசம்ஹாரம் பார்க்க நான் பரங்குன்றம் போகலை. மழை விட்டிருந்துச்சு. நானும் மாமாவும் படுதாவை மேல்பக்கம் ஒரு முழம் இறக்கிக் கட்டினோம். கீழ குளிர் அடிக்காது, மேல சூடான காத்து வெளிய போகும். இவ்வளவு சின்ன வேலை. ஒழுகுற நிப்பிள் பதினேழு எண்ணி மாத்தினோம். களியாப் போன கூளத்தை மண்வெட்டியால அள்ளி தென்னைக்குப் போட்டோம், காய்ஞ்ச உமி ரெண்டு மூட்டை பரப்பிக் கிளறிவிட்டோம். மாமா முணுமுணுத்துக்கிட்டேதான் செஞ்சார். "பிடிக்கிற நேரத்துல எதுக்கு மாப்ள இதெல்லாம், இன்னும் ரெண்டு நாள்தானே." நான், "ஒரு தடவை முட்டி போட்டுப் பாருங்க மாமா"ன்னேன். முறைச்சார். கொஞ்ச நேரம் கழிச்சு, நான் அந்தப் பக்கம் போனதும், கால் வலிக்கிற மாதிரி மெதுவா உட்கார்ந்து பார்த்தார். எழுந்திரிச்சவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, ஒண்ணும் பேசாம அடுத்த படுதாவையும் இறக்கிவிட்டார்.

பெரிசா ஒண்ணும் மாறிடலை. மூணாம் நாள் ராத்திரி வண்டி வந்துச்சு, காலைப் பிடிச்சு கூண்டுல ஏத்தினாங்க. அதையும் நின்னு பார்த்தேன். அதைப் பத்தி இங்க எழுதப்போறதில்லை. செட்டுக்கு வாங்கின கடன் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அத்தை இப்போ மாஸ்க் போட்டுக்கிட்டு காலையில மட்டும் போறாங்க. மாமா விடியக்காலையில உள்ள நுழைஞ்சதும் முதல் வேலையா ஒரு இடத்துல குந்துறார். "எரியுதா"ன்னு அத்தை வெளியிலருந்து கேட்பாங்க. எரிஞ்சா படுதா இறங்கும்.

நான் இப்போ கறிக்கடையில நிக்கும்போது கொஞ்சம் சங்கடமா இருக்கு. அடிக்கடி வாங்குறதில்லை. விட்டுட்டேன்னு சொன்னா பொய்.

குரூப்ல நான் கேட்ட கேள்விக்கு வர்றேன். காப்பு கட்டின கையோட செட்டுக்குள்ள போகலாமா? போனேன். திரும்பி வந்து தலைக்குக் குளிச்சேன், கைகூசாம வேலைத் தொட்டேன். அது சரியா தப்பான்னு பெரியவங்க யாராவது சொன்னா கேட்டுக்கிறேன். ஆனா அடுத்த சஷ்டிக்குக் காப்பு கட்டினாலும் இடையில ஒரு நாள் வாடிப்பட்டி போறதா இருக்கேன். கூட வர்றவங்க தனியா மெசேஜ் போடுங்க, நிப்பிள் மாத்தத் தெரிஞ்சவங்களா இருந்தா ரொம்ப நல்லது.

இன்னொரு விஷயம். இந்த வருஷம் குஞ்சு விடுற தேதியை ரெண்டு வாரம் முன்னாடி தள்ளச் சொல்லி மாமா கம்பெனி சூப்பர்வைசர்கிட்ட கேட்டிருக்கார். அப்படி விட்டா தீபாவளிக்கு முன்னாடியே பிடிச்சிடலாம், சஷ்டி மழையில கோழி மாட்டாது. ஏன்னு அவர் கேட்டதுக்கு மாமா, "எங்க மருமகனுக்கு விரதம், சார்"னாராம். அவர் சிரிச்சிட்டு, மேல கேட்டுச் சொல்றேன்னு போயிருக்கார். இன்னும் பதில் வரலை.

முருகா சரணம்.